பிளவுகளின் இணைப்பும் நிலநடுக்க இடரும்

(அரசு அலுவலர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் பங்குகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

நிலநடுக்க இடரைப் பற்றிய அறிக்கை எதைப் புரட்டினாலும் அதில் ஒரு வரைபடமும் ஓர் அட்டவணையும் இருக்கும். வரைபடத்தில் பிளவுகள் கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கும். அட்டவணையில் ஒவ்வொரு பிளவின் பெயர், நீளம், அதிலிருந்து எழக்கூடிய மிகப் பெரிய நிலநடுக்கத்தின் அளவு ஆகியவை வரிசையாகத் தரப்பட்டிருக்கும். அணைக்கோ துறைமுகத்துக்கோ மருத்துவமனைக்கோ இடம் தேடும் அலுவலர் இந்த அட்டவணையைச் சரக்கிருப்புப் பட்டியலைப் போலவே படிக்கிறார். ஒவ்வோர் இனமும் தனி. ஒன்றின் கணக்கு மற்றொன்றைத் தொடாது. பட்டியலின் குறை இங்கேதான் இருக்கிறது. பிளவுகளுக்குப் பெயரிட்டவர்கள் மனிதர்கள். நிலத்தடியில் ஓடத் தொடங்கிய முறிவு, பெயர் மாறும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

பிளவு என்பது இரு பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்துள்ள, இனியும் நகரக்கூடிய தளமாகும். புவித்தட்டுகளின் நகர்ச்சியால் அத்தளத்தின் இருபுறமும் ஆண்டுதோறும் இறுக்கம் ஏறுகிறது. உராய்வு தாங்கும் வரை பாறை வளைந்து கொடுக்கிறது. தாங்க இயலாத நிலையில் தளம் ஓரிடத்தில் வழுக்குகிறது. அந்த முறிவு வினாடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் தளத்தின் நெடுகப் பரவுகிறது. எவ்வளவு தூரம் பரவுகிறதோ அதைப் பொறுத்தே நிலநடுக்கத்தின் அளவு பெரிதும் அமைகிறது. வெல்ஸ், காப்பர்ஸ்மித் என்னும் இரு அமெரிக்க வல்லுநர்கள் 1994-இல் வகுத்த சமன்பாட்டின்படி, தரையில் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு முறிவு ஏற்பட்டால் அளவு சுமார் 6.9, 80 கிலோமீட்டருக்கு ஏற்பட்டால் சுமார் 7.3. இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. எனவே 40 கிலோமீட்டர் நீளமுள்ள இரு பிளவுகள் தனித்தனியே முறிந்தால் வெளிப்படும் ஆற்றல் இரண்டு பங்கு என்றால், அவை ஒருசேர முறிந்தால் வெளிப்படுவது மூன்று பங்குக்கும் அதிகம். முறிவு நீளும்போது வழுக்கும் தொலைவும் கூடுவதே இதற்குக் காரணம்.

ஆகவே, பக்கத்துப் பக்கத்துப் பிளவுகள் இணைந்துள்ளனவா, இல்லையா என்ற வினா புவியியலாளர்களின் ஆராய்ச்சி ஆர்வத்தோடு நிற்பதன்று. முறிவு ஒரு பிளவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கு அவை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. இடைவெளி குறைவாக இருந்தால் போதும். கடந்தகால நிலநடுக்கங்களில் தரையில் தெரிந்த முறிவுகளை ஒப்பிட்டு வெஸ்னௌஸ்கி என்ற அமெரிக்கப் புவியியலாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. பிளவுக்கோடு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் விலகும் இடத்தை முறிவு கடப்பது அரிது. விலகல் அதனினும் குறைவாக இருந்தால் முறிவு பல வேளைகளில் நிற்கிறது; அதைவிட அதிகமான வேளைகளில் தாண்டிவிடுகிறது.

இந்த மூன்று நான்கு கிலோமீட்டர் என்ற எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வகம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட நிலநடுக்கப் புவியமைப்பு அட்லஸ் பாராட்டத்தக்க பெரும் பணி. அதன் அளவுத்திட்டம் பத்து லட்சத்துக்கு ஒன்று. அதாவது தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் ஒரு மில்லிமீட்டர். முறிவு நிற்குமா, தாண்டுமா என்பதை முடிவு செய்யும் இடைவெளி இத்தகைய தாளில் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். கோட்டின் தடிப்பே அரை மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். நாடு முழுமைக்குமான அட்லஸிடம் இந்த வினாவுக்கு விடை எதிர்பார்ப்பது அட்லஸின் மீது சுமத்தும் நியாயமற்ற சுமையாகும்.

தரையில் தெரியும் இடைவெளி ஆழத்திலும் அப்படியே இருக்கும் என்று கொள்வதற்கும் இல்லை. மேலே பத்துக் கிலோமீட்டர் பிரிந்து நிற்கும் இரு கோடுகள் கீழே ஒரே தளத்தில் சென்று சேர்வது உண்டு.

ஒரு பாலைவனம் கற்பித்தது

இவ்வுண்மை ஐயத்துக்கு இடமின்றிப் புலப்பட்டது 1992 ஜூன் 28 அன்று கலிபோர்னியாவின் மோகாவி பாலைவனத்தில் நிகழ்ந்த லாண்டர்ஸ் நிலநடுக்கத்தில்தான். அதன் அளவு 7.3. ஜான்சன் பள்ளத்தாக்கு, ஹோம்ஸ்டெட் பள்ளத்தாக்கு, எமர்சன், கேம்ப் ராக் என்று தனித்தனியே பெயரிடப்பட்டிருந்த பிளவுகள், இடையிலிருந்த ஒரு சிறு இணைப்புப் பிளவின் வழியே ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை கிழிந்தது. அட்டவணையில் எந்த ஒரு பிளவுக்கும் அந்த நீளம் இல்லை. மக்கள் நெருக்கம் குறைந்த பாலைவனமாதலால் உயிர்ச்சேதம் மிகக் குறைவு. பாடம் மலிவாகக் கிடைத்தது. 2016 நவம்பர் 14 அன்று நியூசிலாந்தின் கைகௌராவில் 7.8 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பிளவுகள் ஒரே நிகழ்வில் முறிந்தன. அவற்றுள் சில, தரையளவில் பார்த்தால் தாண்ட இயலாதவை என்று கருதத்தக்க தொலைவில் இருந்தன.

இவ்வனுபவங்களுக்குப் பின் எல்லா இடங்களிலும் இடரை உயர்த்தி எழுதிவிட்டால் போதுமே என்று கேட்கலாம். பொருளியல் பயின்றோர்க்கு இக்கேள்வியின் பிழை எளிதில் விளங்கும். ஒரு பிளவில் ஆண்டுதோறும் சேரும் இறுக்கம் வரையறுக்கப்பட்ட வருமானம் போன்றது. நிலநடுக்கங்கள் அதிலிருந்து செய்யப்படும் செலவுகள். இணைந்த பிளவுகள் சில வேளைகளில் பெருந்தொகையாகச் செலவிடுகின்றன என்று கொண்டால், சில்லறைச் செலவுகளுக்கு மிஞ்சுவது குறைந்தே தீர வேண்டும். கலிபோர்னியாவின் கணிப்பில் இதுவே நேர்ந்தது. 2015-இல் முற்றுப்பெற்ற மூன்றாவது கணிப்பு, பிளவுகள் சேர்ந்து முறியலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, ஐந்து கிலோமீட்டர் வரையிலான தாவலை அனுமதித்தது. சில ஆயிரங்களாக இருந்த நிலநடுக்க வகைகளின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. விளைவு என்ன? முப்பது ஆண்டுகளுக்குள் அளவு 8 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் நிகழும் வாய்ப்பு 4.7 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக உயர்ந்தது. அதே கணிப்பில், அளவு 6.7-ஐ ஒட்டிய நிலநடுக்கங்கள் சராசரியாக 4.8 ஆண்டுகளுக்கு ஒன்று என்பதிலிருந்து 6.3 ஆண்டுகளுக்கு ஒன்று எனக் குறைந்தன. இணைப்பை ஏற்றுக்கொள்வது இடரைக் கூட்டுவதைவிட, அதை இடம் மாற்றி அமைக்கிறது என்பதே பொருத்தம்.

கட்ச்: இணைப்பின் இந்திய முகம்

இந்தியாவில் இந்த விவாதத்துக்குரிய களங்களுள் முதலில் எண்ணத்தக்கது குஜராத்தின் கட்ச் மாவட்டம். புவித்தட்டின் எல்லையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் இருநூறு ஆண்டுகளுக்குள் இரு பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட பகுதி அது. பண்டைய கோண்டுவானா நிலப்பரப்பு பிளவுபட்ட காலத்தில் நிலம் இழுபட்டு விரிந்ததால் இங்குக் கிழக்கு மேற்காகப் பல பிளவுகள் உண்டாயின. இன்று இந்தியத் தட்டு வடக்கே முட்டுவதால், அன்று விரிவதற்காகத் திறந்த அதே பிளவுகள் இப்போது நெருக்குண்டு எதிர்த்திசையில் நகர்கின்றன. வடக்கே அல்லா பந்த் பிளவு, அதற்குத் தெற்கே தீவுவரிசைப் பிளவு, பின்னர் கட்ச் தலைநிலப் பிளவு, தெற்கே கட்ரோல் குன்றுப் பிளவு, கிழக்கே வாகட் மேட்டைச் சூழ்ந்த பிளவுகள் என இவை ஏறத்தாழ இணைகோடுகளாகக் கிடக்கின்றன.

1819 ஜூன் 16 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ரண் பகுதியின் சமவெளியில் சில இடங்களில் ஆறு மீட்டர் வரை உயர்ந்த மேடு ஒன்று எழுந்தது. எண்பது கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அம்மேட்டை மனிதர் கட்டிய அணைகளிலிருந்து வேறுபடுத்தி, இறைவன் கட்டிய அணை என்னும் பொருளில் மக்கள் அல்லா பந்த் என்றனர். சிந்திரி கோட்டை நீரில் மூழ்கியது. 1956 ஜூலை 21 அன்று, அங்கிருந்து வெகுதூரம் தெற்கே, அஞ்சார் நகரைச் சுமார் 6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. 2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46 மணிக்கு, பச்சாவுக்கு அருகே 7.7 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. குஜராத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

2001-ஆம் ஆண்டு முறிந்த பிளவு எது என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. வல்லுநர்கள் முதலில் நோக்கியது வரைபடத்தில் தெளிவாக இருந்த கட்ச் தலைநிலப் பிளவை. ஆனால் பின்னதிர்வுகளைப் பதிவு செய்து ஆழத்தைக் கணக்கிட்டபோது, முறிவு நிகழ்ந்த தளம் அதற்கு வடக்கே, தரையை எட்டாமல் ஆழத்திலேயே நின்றுவிட்ட மறைபிளவு என்று தெரியவந்தது. வடவாகட் பிளவு என்று பின்னர் அது குறிக்கப்பட்டது. அப்பகுதியின் அமைப்பை நீண்டகாலம் ஆராய்ந்த புவியியலாளர் எஸ். கே. பிஸ்வாஸ், கட்ச் தலைநிலப் பிளவு கிழக்கே முடிந்து தென்வாகட் பிளவு தொடங்கும் படிமாற்றப் பகுதியை இறுக்கம் திரளும் இடமாகக் காட்டினார். அட்டவணையில் ஒரு பெயர் முடிந்து மற்றொரு பெயர் தொடங்கும் வெற்றிடம் எதுவோ, அந்த வட்டாரத்திலேதான் கேடு விளைந்தது.

கதை அதோடு முடியவில்லை. ஒரு பிளவு முறியும்போது தன் இறுக்கத்தை இறக்கிவைக்கிறது. ஆனால் அதன் ஒரு பகுதி பக்கத்துப் பிளவுகளின் மீது ஏறுகிறது. 2006 மார்ச்சில் வடக்கேயுள்ள கேடி பிளவின் அருகே 5-க்கு மேற்பட்ட அளவில் நிகழ்ந்த அதிர்ச்சி இவ்வாறு கைமாறிய சுமையால் விளைந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். முறிவு நேரடியாகத் தாவுவது ஒருவகை இணைப்பு. சுமை கைமாறுவது மற்றொரு வகை. முன்னது வினாடிகளில் நடந்து முடிகிறது. பின்னதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம்.

கட்ச் மாவட்டம் 2001-க்கு முன்னரே நிலநடுக்க மண்டல வரைபடத்தில் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடம் எச்சரித்தது, கட்டடங்கள் செவிமடுக்கவில்லை. எனவே அக்கேட்டை முழுவதும் புவியியலின் அறியாமை மீது ஏற்றிவிடுவது பொருந்தாது.

ஆனால் அகமதாபாத்தின் நிலை வேறு. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், மூன்றாம் மண்டலத்தில் உள்ள அந்நகரில் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் சரிந்தன. தரைத்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களில் நிறுத்தி, வாகனம் நிறுத்த விட்டிருந்த கட்டடங்கள் அவற்றுள் பல. சபர்மதியின் வண்டல் படுகையும் அதிர்வைப் பெருக்கியது. 1819-ஆம் ஆண்டிலும் இதே நகரில் ஜாமா மசூதியின் உயர்ந்த மினார்கள் சரிந்தன. நீண்ட முறிவிலிருந்து எழும் பெரிய நிலநடுக்கம் மெதுவாக அசையும் அலைகளை மிகுதியாக எழுப்புகிறது. அவை நெடுந்தொலைவு சென்றும் வலிமை குன்றாமல், மினார், அடுக்குமாடி, நீண்ட பாலம் போன்ற உயரமும் நீளமும் கொண்டவற்றை ஆட்டுகின்றன. அருகில் எழும் நடுத்தர நிலநடுக்கம் சிற்றூரின் மண்சுவர் வீட்டுக்கும் கல்வீட்டுக்கும் எமன். ஆகவே இணைப்பு பற்றிய ஒரே கண்டுபிடிப்பு, கிராமப் பள்ளிக்கூடத்தின் மதிப்பீட்டை ஒருவிதமாகவும் நகரத்து மேம்பாலத்தின் மதிப்பீட்டை மற்றொருவிதமாகவும் மாற்றும். எல்லாவற்றுக்கும் ஒரே பெருக்கெண்ணைப் போட்டுச் செலவை உயர்த்துவது, சிக்கனமும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது.

இமயத்தின் ஒரே கணக்கு

இமயமலையில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. வடக்கிலிருந்து தெற்காக மத்திய உந்துபிளவு, எல்லை உந்துபிளவு, முன்னணி உந்துபிளவு என்று மூன்று பெரும் கோடுகள் மலைத்தொடரின் நெடுக ஓடுகின்றன. தரையில் இவை பல பத்துக் கிலோமீட்டர் விலகியிருந்தாலும், ஆழத்தில் வடக்கு நோக்கிச் சாய்ந்த ஒரே உந்துதளத்தில் போய்ச் சேர்கின்றன என்பது நிலவியலாளர் பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்து. மூன்றையும் மூன்று தனி இடர்களாகக் கூட்டுவது, ஒரே வங்கிக் கணக்கை மூன்று கிளைகளில் பார்த்துவிட்டு மூன்று கணக்கு என்று எழுதுவது போலாகும். அக்கணக்கில் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரவு வைக்கப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளில் ஒரு மீட்டர்; ஐந்நூறு ஆண்டுகளில் பத்து மீட்டர்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிகழ்ந்த கூர்க்கா நிலநடுக்கத்தில், இந்த உந்துதளத்தின் ஆழமான பகுதி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்கு வழுக்கியது. முறிவு தெற்கே மலையடிவாரம் வரை எட்டவில்லை. சுமார் 9,000 பேர் இறந்த அந்நிகழ்வுக்குப் பின்னும் தளத்தின் தெற்குப் பகுதி இறுக்கத்தை இறக்கி வைக்காமலே இருக்கிறது. மலைத்தொடரின் போக்கிலும் இதே கேள்விதான். 1905-இல் காங்டாவிலும் 1934-இல் பீகார்–நேபாள எல்லையிலும் பெரும் நிலநடுக்கங்கள் நிகழ்ந்த பகுதிகளுக்கு இடையே, அண்மை நூற்றாண்டுகளில் அத்தகைய பேரதிர்ச்சியைக் காணாத நெடும் பரப்பு ஒன்று உள்ளது. உத்தரகாசியிலும் (1991) சமோலியிலும் (1999) நேர்ந்தவை அந்தக் கணக்கில் சிறு செலவுகளே. அப்பரப்பு துண்டுதுண்டாக முறியுமா, ஒரே வீச்சில் முறியுமா? கங்கைச் சமவெளியின் அடியில் மறைந்து மலைக்குக் கீழே நுழையும் பாறை முகடுகள் முறிவைத் தடுத்து நிறுத்தும் மதகுகளாக இருக்கக்கூடும் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். விடை உத்தரகண்டுக்கு மட்டுமன்று, தெற்கே சமவெளி நகரங்களுக்கும் தேவைப்படுகிறது.

சேர்ந்து வரும் இழப்பு

பிளவுகளின் இணைப்பு ஆட்சித்துறைக்கு விடுக்கும் கடுமையான அறைகூவல் நிவாரண ஏற்பாட்டில் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைத் திட்டங்கள் பலவும் வெளியில் சொல்லாத ஓர் அனுமானத்தின் மீது நிற்கின்றன: ஒரு மாவட்டம் பாதிக்கப்பட்டால் பக்கத்து மாவட்டம் கைகொடுக்கும். மருத்துவர், ஆம்புலன்ஸ், மண்வாரி இயந்திரம், மின்வாரியப் பணியாளர் எல்லாம் அங்கிருந்து வருவர். இரு பிளவுகளும் தனித்தனியே செயல்படுமானால் இந்த அனுமானம் நியாயமானதே. காப்பீட்டுத் தொழிலின் அடிப்படையும் இதுதான். எல்லார் வீடும் ஒரே நாளில் எரியாது. இணைந்த பிளவுகளில் எல்லார் வீடும் ஒரே நாளில் எரிகிறது.

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் இதுவே நேர்ந்தது. பெரிய கிழக்கு அனத்தோலியப் பிளவின் அருகில் ஒரு சிறு கிளைப் பிளவில் தொடங்கிய முறிவு, சந்திப்பை அடைந்து முதன்மைப் பிளவில் ஏறி, இருதிசையிலும் பரவி, 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. அளவு 7.8. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து, வடக்கேயுள்ள வேறொரு பிளவு 7.5 அளவில் முறிந்தது. மேலே சொல்லப்பட்ட இரு வகை இணைப்புகளும் ஒரே நாளில் செயல்பட்டன. பதினோரு மாகாணங்கள் ஒருசேரப் பாதிக்கப்பட்டன. துருக்கியில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவ வேண்டிய அண்டை மாகாணமும் உதவி கேட்டு நின்றது.

2005 அக்டோபர் 8 அன்று நிகழ்ந்த 7.6 அளவுள்ள முசாபராபாத் நிலநடுக்கமும் இவ்வகையே. முன்பு முசாபராபாத் பிளவு, தாண்டா பிளவு என்று வேறுவேறாக வரையப்பட்டிருந்தவை ஒன்றாக முறிந்து, சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரையில் தடம் பதித்தன. பாகிஸ்தான் தரப்பில் 73,000-க்கும் மேற்பட்டோரும், கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இப்பால் 1,300-க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரமாதலால் பள்ளிக் கட்டடங்களின் கீழ் ஆயிரக்கணக்கான குழந்தைகள் மாண்டனர்.

கட்ச் நிலநடுக்கத்தில் புஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்தது. காயமுற்றோருக்குத் திறந்த வெளியில் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. பின்னர் அது கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையே ஈயமும் ரப்பரும் கொண்ட தாங்கிகள் பொருத்தப்பட்டு எழுப்பப்பட்டு, 2004-இல் திறக்கப்பட்டது. தரை ஆடினும் கட்டடம் அதே வேகத்தில் ஆடாது. இத்தகைய செலவை ஒவ்வொரு கட்டடத்துக்கும் செய்ய எந்த மாநில வரவு செலவுத் திட்டமும் இடம் தராது. ஆனால் இரு பிளவுகள் சேர்ந்து முறியக்கூடிய வட்டாரத்தில், வெளியுதவி வர நாளாகும் என்று கொண்டு, ஒரு மருத்துவமனை, ஒரு தொலைத்தொடர்பு நிலையம், ஒரு குடிநீர் நிலையம் ஆகியவற்றையாவது அவ்வாறு அமைப்பதற்குக் கணக்கு இடம் தருகிறது. எங்கே செய்வது என்பதைத் தீர்மானிக்கத்தான் இணைப்பு பற்றிய அறிவு வேண்டும்.

அவ்வறிவைப் பெறும் வழிகள் உள்ளன, எல்லை உள்ளவை. பிளவின் குறுக்கே பள்ளம் தோண்டி, முறிந்த மண்ணடுக்குகளின் காலத்தைக் கரிமக் கணிப்பால் அறியலாம். இரு பிளவுகளிலும் ஒரே காலத்தில் முறிவு காணப்பட்டால் அவை சேர்ந்து முறிந்திருக்கலாம். ஆனால் கரிமக் கணிப்பில் சில பத்தாண்டுகள் முன்பின்னாக இருக்கும். ஒரே நாளில் முறிந்தனவா, முப்பது ஆண்டு இடைவெளியில் முறிந்தனவா என்று மண் பிரித்துச் சொல்வதில்லை. காந்திநகரிலுள்ள நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனம், டேராடூனின் வாடியா நிறுவனம், புது தில்லியின் தேசிய நிலநடுக்கவியல் மையம் ஆகியவற்றின் பதிவுக் கருவிகளும், செயற்கைக்கோள் வழி நில நகர்ச்சி அளவீடும் மீதி இடத்தை நிரப்ப முயல்கின்றன.

இந்நிலையில் வல்லுநர்கள் கையாளும் முறை, இரு வாய்ப்புகளுக்கும் எடை கொடுத்துக் கணக்கிடுவதாகும். சேர்ந்து முறிய இவ்வளவு, தனித்து முறிய இவ்வளவு என்று எடைகள் ஓர் அட்டவணையில் தரப்படும். திட்ட அறிக்கை மேசைக்கு வரும்போது முடிவெண்ணைப் பார்க்கும் முன் அலுவலர் பார்க்க வேண்டியது அந்த எடைகளை. அறிக்கையில் அந்த அட்டவணை இல்லையென்றால், தனித்து முறிவதற்கே முழு எடையும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைக் கொடுத்தவர் யார், எந்த அகழ்வின் அல்லது அளவீட்டின் பேரில் கொடுத்தார் என்று கேட்டு அறிக்கையைத் திருப்பி அனுப்ப அலுவலருக்கு முழு உரிமை உண்டு.